ரஹ்மத்துவின் நாலு நாள் ஏற்பாடு

கடல் நடுவே தீவில் இருக்கிற மின்னி பே குடியிருப்பில் கப்பல் வரும் தேதி தெரிய வேண்டுமென்றால் ஜனங்கள் இரண்டு இடங்களுக்குப் போவார்கள். ஒன்று ஃபீனிக்ஸ் பே ஜெட்டி, கப்பல் வந்து கட்டும் துறை. அங்கே பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், வெயிலில் நின்று படிக்க வேண்டும். இன்னொன்று ரஹ்மத்துன்னிசாவின் வீடு. அங்கே உட்கார்ந்து கேட்கலாம், குடிக்கத் தேயிலைத் தண்ணியும் கிடைக்கும். எந்தக் கப்பல் நிக்கோபார் போயிருக்கிறது, எது கல்கத்தாவில் ரிப்பேருக்கு நிற்கிறது, எது மெட்ராஸிலிருந்து கிளம்பிவிட்டது என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருக்கும். ஜாக்கெட் தைக்கிறவளுக்குக் கப்பலோடு என்ன வேலை என்று கேட்கக் கூடாது. துணியும் நூலும் ஊசியும் அந்தக் கப்பலில்தான் வந்தன. கப்பல் வராவிட்டால் அவள் மிஷின் சும்மா கிடக்கும்.

அவளும் அப்படியொரு கப்பலில் வந்தவள்தான். 1953-ல் நாகூரிலிருந்து, கல்யாணமாகி எட்டாம் நாள். மாப்பிள்ளை ஜெட்டியில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆறு வருஷம் வாழ்ந்தார்கள். ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் மனுஷன் போய்விட்டார். பிள்ளை இல்லை. நாகூரில் அண்ணன்மார் இருந்தார்கள், ஆனால் வா என்று ஒருத்தரும் கடிதம் எழுதவில்லை. அவளும் வருகிறேன் என்று எழுதவில்லை. இத்தா என்ற துக்க காலம் முடிந்த மறுவாரமே ஒரு கை மிஷின் வாங்கிப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தைப்பதைவிட அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறொன்று. யார் வீட்டில் கல்யாணமென்றாலும், பிள்ளைப்பேறு என்றாலும், மெயின்லாண்ட் பயணமென்றாலும் ரஹ்மத்துவைத்தான் கூப்பிடுவார்கள். எத்தனை படி அரிசி, எந்த வண்டி, யார் எங்கே படுப்பது, மழை வந்தால் என்ன செய்வது என்று துணியை வெட்டுவதற்கு முன்னால் சாக்குக்கட்டியால் கோடு போடுவதுபோல் போட்டுக் கொடுத்துவிடுவாள். "ரஹ்மத்து ஏற்பாட்டுல ஓட்டை இருக்காது" என்பது அந்தப் பக்கத்தில் ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. பெங்காலி வீட்டுப் பெண்கள்கூட அதைத் தமிழிலேயே சொல்வார்கள். இப்படியெல்லாம் பேர் வாங்குவதில் ஒரு ஆபத்து உண்டு. கொஞ்ச நாளில் நமக்கே அது உண்மையென்று தோன்றிவிடும்.

இந்தக் கதை சம்சாத்துடையது என்றுதான் யாரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சம்சாத் அதே காம்பவுண்டில் இருந்த அப்துல் குத்தூஸின் ஒரே மகள். குத்தூஸுக்கு அபர்தீன் பஜாரில் பலசரக்குக் கடை. மனைவி போனபோது சம்சாத்துக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னியது, சட்டை தைத்தது, அடித்தது, அடித்தபின் அழுதது எல்லாம் ரஹ்மத்துதான். லாத்தா, லாத்தா என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டு, சதா மிஷினடியில் உட்கார்ந்து வளர்ந்த பெண்.

அந்தப் பெண்ணுக்குப் பாட்டுப் பைத்தியம். வாப்பாவின் கடை ரேடியோ அவளுக்காகவே பாதி நாள் வீட்டில் இருந்தது. தமிழ்ப் பாட்டு, இந்திப் பாட்டு என்று பேதமில்லை. பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாள் ஆர்மோனியம் வைத்துப் பாடினால் வேலியோரம் நின்று கேட்டு, மறுநாள் அப்படியே பாடுவாள். அர்த்தம் கேட்டால் தெரியாது. தமிழ்க் கச்சேரி வைத்தால்தான் ரேடியோவுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். குத்தூஸ் பார்த்துச் சிரிப்பார். அவருக்கும் நாகூர்ப் பாட்டுகள் உயிர்.

1969-ல் அவளுக்குப் பத்தொன்பது வயது. மெட்ராஸில், பெரியமேட்டில், தோல் மண்டியில் வேலை பார்க்கும் அப்துல் வாஹித் என்ற பையனுக்குப் பேசினார்கள். தாய்வழியில் சொந்தம். நல்ல பையன், நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் தாயார் ஜன்னத் பீவி எழுதவைத்த கடிதத்தில் ஒரு விஷயம் மட்டும் ஒளிக்காமல் இருந்தது. அவருடைய மூத்த மகன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கச்சேரி கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் லாரி மோதி இறந்துபோனான். அன்று முதல் அந்த வீட்டில் ரேடியோ இல்லை, பாட்டு இல்லை, யாரும் வாய்க்குள் முணுமுணுப்பதுகூட இல்லை. பாட்டுச் சத்தம் கேட்டால் ஜன்னத் பீவிக்கு மூச்சடைக்கும். இதை மகளாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும் என்று எழுதியிருந்தார்கள்.

குத்தூஸ் சொல்லிவிட்டார். "பாட்டுதானே, சோறா? சோறில்லாத வூட்டுக்கா குடுக்குறேன்?" என்றும் சேர்த்துச் சொன்னார். பெற்றவர்கள் வாயில் இந்தமாதிரி வார்த்தைகள் எப்போதும் தயாராக இருக்கும். சம்சாத் கேட்டுவிட்டு நேரே வந்து மிஷினடியில் உட்கார்ந்தாள்.

"லாத்தா, மெட்ராஸ்ல ஒரே ஒரு கச்சேரி. நிக்காஹ்க்கு முன்னாடி."

"கச்சேரிதான் இங்கயே ரேடியோவுல கேக்குறியே புள்ள."

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். பாத்ததில்லயே. பாடுறவஹ எங்க மூச்சு எடுக்குறாஹன்னு நா பாக்கணும். நானும் எத்தனயோ தடவ பாடிப் பாத்துட்டேன், எனக்கு நடுவுல அந்துபோவுது. அவஹளுக்கு அந்துபோவ மாட்டேங்குது. அத ஒரு தடவ கண்ணால பாத்துட்டேன்னா, அப்புறம் ஆயுசுக்கும் வாய மூடிக்கிட்டு இருந்துடுவேன்."

"ஆயுசுக்கும்னு சொல்லாத. பலிச்சுரும்" என்று ரஹ்மத்து அதட்டினாள். ஆனால் மிஷின் நின்றுவிட்டது.

அவளுக்கு அவளுடைய மெட்ராஸ் ஞாபகம் வந்தது. கப்பலேற வந்த அன்று ஒரு மத்தியானம் மட்டும் அந்த ஊரில் இருந்தாள். மண்ணடிப் பக்கம் ஏதோ ஒரு தெருவில் கல்யாண வீட்டில் நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நின்றாள். "நேரமாச்சு, நடங்க" என்று மாப்பிள்ளையின் அண்ணன் விரட்டினார். நடந்துவிட்டாள். அந்த வாசிப்பின் மீதி எப்படி இருந்திருக்கும் என்று பதினாறு வருஷமாக அவ்வப்போது யோசிப்பாள். யாரிடமும் சொன்னதில்லை; சொன்னால் சிரிப்பார்கள்.

அன்று மாலையே காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். கப்பல் டிசம்பர் பதின்மூன்று சனிக்கிழமை கிளம்பும். செவ்வாய் மெட்ராஸ். நிக்காஹ் இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு. நடுவில் புதன், வியாழன், வெள்ளி, சனி. முழுசாக நாலு நாள். மார்கழி மாதம் வேறு. மெட்ராஸில் சபா சபாவாகக் கச்சேரி நடக்கும் காலம்.

மெட்ராஸ் விவரம் தெரிந்த ஆள் ஒன்று வேண்டியிருந்தது. சம்சாத்தோடு பள்ளிக்கூடத்தில் படித்த கிரேசி இருந்தாள். ஃபீனிக்ஸ் பேயில் படகு ரிப்பேர் செய்யும் வியாகுலத்தின் மகள், தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அவள் அண்ணன் அந்தோணிமுத்து மெட்ராஸில் ராயபுரத்தில் அச்சாபீஸ் வேலையில் இருந்தான். கிரேசி கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகிற சாக்கில் தானும் வருவதாகச் சொன்னாள்.

"எங்கண்ணன் சொல்லுதான், மவுண்ட் ரோட்டுல ரிக்கார்டு கடையிருக்காம். வாங்காட்டியும் போட்டுக் காட்டுவானாம். பீச்சில சாயங்காலமானா கார்ப்பரேசன் ரேடியோ, மணல்ல உக்காந்து கேக்கலாம். ஏட்டி சம்சாத்து, அந்த ஊர்ல தெருவுல நடந்து போனாலே பாட்டு காதுல விழுமாம்ட்டி!"

புதன்கிழமை ரிக்கார்டு கடை. வியாழன் கடற்கரை. வெள்ளி, திருவல்லிக்கேணித் தெருக்களில் நடை, கிரேசிக்காக மத்தியானம் சாந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் சபாவில் கச்சேரி. மூன்று டிக்கெட், முன்வரிசையாக, பாடுகிறவர் வாய் தெரிகிற மாதிரி. அந்தோணிமுத்துவுக்கு ரஹ்மத்து இரண்டு பக்கம் கடிதம் எழுதினாள். "தூணுக்குப் பின்னால் இடம் வாங்கிவிட வேண்டாம்" என்று அதில் அடிக்கோடு போட்டிருந்தாள். ஏற்பாடு என்றால் அப்படி.

ஒரே ஒரு முட்டுக்கட்டை இருந்தது. குத்தூஸுக்கு ஆஸ்துமா, டிசம்பர் கடலில் மூன்று நாள் கப்பலில் போக டாக்டர் விடவில்லை. தகப்பன் நேரில் இல்லாவிட்டால் அவருக்குப் பதிலாக நின்று நிக்காஹ் செய்து கொடுக்க மண்ணடியிலிருந்த தம்பி அலி அக்பருக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். பெண்ணின் சம்மதத்தைச் சாட்சிகளோடு கேட்க வேண்டும். மெட்ராஸில் போய் அதைச் செய்வதென்றால் பெண் இறங்கின நாள் முதல் வீட்டோடு உட்கார வேண்டியதுதான். இன்றைக்கு நிக்காஹ் ஓதும் ஹஜ்ரத் வருவார், நாளைக்குச் சாட்சிக்காரர் வருவார் என்று நாலு நாளையும் தின்றுவிடுவார்கள்.

ரஹ்மத்து ஒரு நாள் யோசித்தாள். மறுநாள், தான் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் குத்தூஸின் கடைக்கே போனாள்.

"காக்கா, சம்மதத்த இங்கயே கேட்டு, ரெண்டு பேரு சாட்சி வச்சு, நீங்க தம்பிக்கு அதிகாரம் குடுத்து எழுதி முன்னாடிக் கப்பல்லயே அனுப்பிட்டா என்னா? அங்க போயி ஆம்புளைங்க அலைய வேண்டாம்ல?"

குத்தூஸ் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "இது என் புத்திக்கு எட்டலயே ரஹ்மத்து. அச்சா யோசன."

நவம்பரில் ஒரு சாயங்காலம் சாட்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்து திரைக்கு வெளியே நின்றார்கள். உள்ளே சம்சாத் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அது ரேடியோவில் அவள் ஒரு நாளும் தவறவிடாத நேரம். ரேடியோவை அணைத்து வைத்திருந்தார்கள். சம்மதமா என்று ஒரு தடவை கேட்டார்கள். பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரஹ்மத்து அவள் முழங்கையைக் கிள்ளி, "சரின்னு சொல்லு புள்ள, சீக்கிரம் போவட்டும்" என்று காதில் சொன்னாள். சம்சாத் சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்றாள். அவர்கள் செருப்பு மாட்டிப் படியிறங்குவதற்குள் ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டது.

கடிதம் அடுத்த கப்பலில் போயிற்று.

டிசம்பர் பதின்மூன்றில் கப்பல் கிளம்பவில்லை. நிக்கோபாரிலிருந்து அது திரும்பி வந்ததே பதினான்காம் தேதி. வந்தபின் என்ஜினில் ஏதோ கோளாறு என்றார்கள். பெட்டி படுக்கையோடு ஜெட்டிக்குப் போவதும் திரும்புவதுமாக மூன்று நாள். "லேட் ஹோ கயா, லேட் ஹோ கயா" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தது. பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை சங்கு ஊதியபோது ரஹ்மத்து காலண்டர் தாளில் புதனையும் வியாழனையும் அடித்துவிட்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழம எறங்கிடுவோம். சனிக்கிழம கச்சேரி இருக்கு. அது போதும்ல?" என்றாள்.

"அது போதும் லாத்தா. எனக்கு அது ஒண்ணுதான்" என்றாள் சம்சாத்.

அடுக்குப் படுக்கை போட்ட பங்க் வகுப்பில் மூன்று நாள். கடல் சும்மா இல்லை. கிரேசி இரண்டு நாள் தலை தூக்கவில்லை. ஏசுவே, மாதாவே என்று கிடந்தாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் மெட்ராஸ் தெரிந்தது. முதலில் ஒரு கோடு, அப்புறம் வெளிச்சங்கள். கப்பலே மேல்தளத்துக்கு ஏறி வந்து வேடிக்கை பார்த்தது. அப்போது நங்கூரச் சங்கிலி இறங்குகிற சத்தம் கேட்டது. துறைமுகத்துக்குள்ளே இடமில்லை, முறை வரும்வரை வெளியேதான் நிற்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே சம்சாத் குளித்து, புதுத் தாவணி கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பத்து மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. ரஹ்மத்து கப்பல்காரர்களிடம் மூன்று தடவை போய்க் கேட்டாள். மூன்றாம் தடவை அந்த ஆள் எரிந்து விழுந்தான். அவன் என்ன செய்வான். அவளுக்கு ஜெட்டிகளைத் தெரியும், இடமில்லையென்றால் இல்லைதான். மூன்று மணிக்குக் கிரேசி கையைப் பிசைந்துகொண்டு, "எங்கண்ணன் டிக்கெட்ட வச்சிக்கிட்டு வாசல்ல நிப்பான்" என்றாள். ஆறு மணிக்குக் கரையில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. சம்சாத் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை.

"இந்த வெளக்குல எது லாத்தா அந்த எடம்?" என்று மட்டும் கேட்டாள்.

ரஹ்மத்துவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஏதோ ஒரு விளக்கைக் காட்டினாள்.

அன்றிரவு அவள் தூங்கவில்லை. ஞாயிறு காலை எழுந்து உட்கார்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. இரண்டு பெண்களையும் உலுக்கி எழுப்பினாள்.

"ஏய் புள்ளைங்களா! இன்னிக்கு ஞாயித்துக்கிழம. நிக்காஹ் இன்னிக்கித்தானே? நாம கடல்ல நிக்கிறோம். அப்ப நிக்காஹ் எப்படி நடக்கும்? தேதி தப்பிப் போச்சு. எப்படியும் அடுத்த வெள்ளிக்கிழமைக்குத்தான் தள்ளி வைப்பாஹ். நாளைக்கு எறங்குனா திங்கள், செவ்வாய், புதன், வியாழன்! நம்ம நாலு நாளு திரும்பி வந்துருச்சு!"

கிரேசி கைகொட்டினாள். "எளா, மெட்ராஸ்ல கச்சேரிக்கா பஞ்சம்? எங்கண்ணன் வேற டிக்கெட்டு வாங்குவான்!" சம்சாத் ஒரு நிமிஷம் நம்பாமல் பார்த்தாள். பிறகு ரஹ்மத்துவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளை அப்படிச் சந்தோஷமாகப் பார்த்தது சின்ன வயதுக்குப் பிறகு அன்றைக்குத்தான். ரஹ்மத்து காலண்டர் தாளை எடுத்து, அடித்த கிழமைகளை மறுபடி எழுதினாள்.

மத்தியானத்துக்குப் பிறகு பின்தளத்தில் பெண்கள் நாலு சேலையைக் கம்பியில் கட்டி மறைப்புப் போட்டார்கள். மூன்று நாள் கடலும் இரண்டு நாள் நங்கூரமும் எல்லோரையும் அலுக்க வைத்திருந்தன. திக்லிபூரிலிருந்து பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற ஜெயலட்சுமி என்ற பெண் ஒரு தாலாட்டுப் பாடினாள். ஒரு பெங்காலி அம்மாள் பாடினாள். அப்புறம் கிரேசி ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு, "இவ கல்யாணப் பொண்ணு, இவ பாடணும்" என்றாள். "காவோ, காவோ" என்று எல்லோரும் இந்தியில் பாடச் சொல்லிக் கத்தினார்கள்.

சம்சாத் பாடினாள். வீட்டில் தட்டு கழுவுகிற சத்தத்துக்கு நடுவில் பாடுகிற பாட்டில்லை அது. வாயைத் திறந்து, கரையைப் பார்த்துக்கொண்டு, நாலு நாள் இருக்கிற தைரியத்தில் பாடினாள். முதல் பாட்டு முடிந்ததும் சேலை மறைப்புக்கு வெளியே ஆம்பிளைகள் பேச்சு நின்றுபோனது தெரிந்தது. இரண்டாவது பாட்டு, ரேடியோவில் கேட்டுக் கேட்டுப் பழகியது, நடுவில் அறுந்துபோகிறது என்று அவள் சொன்னதே அதுதான். ரஹ்மத்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்தது. பெண் எங்கே மூச்செடுத்தாள் என்று தெரியவில்லை, அறுந்துபோகவில்லை. ரஹ்மத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கடற்காற்று என்று துடைத்துக்கொண்டாள். பொழுது சாய்கிறவரை பாடினார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கப்பல் கரையில் கட்டியது. துறைமுகக் கொட்டகையில் கூட்டத்துக்குள்ளிருந்து குத்தூஸின் தம்பி அலி அக்பர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு வயதான அம்மாள், கூட இரண்டு பெண்கள்.

"அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்றார்.

"என்னா சாச்சா முடிஞ்சிருச்சு?" என்று சம்சாத் கேட்டாள்.

"நிக்காஹ்தான். நேத்து அஸர் தொழுதுட்டு ஓதியாச்சு. கப்பல் நிக்கிறது பீச்சுலேருந்து பாத்தாலே தெரியுது, கரைக்குத்தான் வர மாட்டேங்குது. வாணியம்பாடிலேருந்து சொந்தக்காரவஹ வந்து எறங்கிட்டாஹ், கறி எடுத்தாச்சு. என்னா செய்யிறதுன்னு தெகச்சுப் போயி நின்னேன். அண்ணன் எழுதுன கடுதாசிதான் கையில இருக்கே, புள்ள சம்மதிச்சதுக்குச் சாட்சியும் இருக்கே, அப்புறம் என்னா தடைன்னு ஹஜ்ரத்து கேட்டாஹ். ஓதிட்டோம்." ரஹ்மத்துவின் பக்கம் திரும்பினார். "இது ரஹ்மத்து சொன்ன ஏற்பாடுன்னு அண்ணன் எழுதியிருந்தாஹ். ஒன் புத்திதான்மா மானத்தக் காப்பாத்துச்சு."

அந்தக் கடிதம் அதுவரை அவளுக்கு ஞாபகமே வரவில்லை. ஒரு வாரமாகக் கிழமைகளை அடித்து அடித்து எழுதியவளுக்கு, தானே எழுதவைத்து, தானே கப்பலேற்றிய கடிதம் ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

மாப்பிள்ளையின் தாயார் ஜன்னத் பீவி முன்னால் வந்தார். சாந்தமான முகம். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் கருகமணியை எடுத்தார். "வீட்டுல வச்சுக் கட்டியிருக்கணும். ஆனா என் மருமவ கழுத்து வெறுங்கழுத்தா தெருவுல வரவேண்டாம்னு எடுத்தாந்தேன்" என்று, பெட்டிகளுக்கும் கூலிக்காரர்களுக்கும் நடுவில் வைத்து சம்சாத்தின் கழுத்தில் கட்டினார். கட்டிவிட்டு அவள் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார். கோபப்படவும் வழியில்லை, அவ்வளவு பிரியமாகச் செய்தார்.

"சாச்சா, அஸருக்குப் பொறவுன்னா எத்தன மணி?" என்று சம்சாத் கேட்டாள்.

"நாலரை இருக்கும்."

அவள் ரஹ்மத்துவைப் பார்த்தாள். "அப்ப நா ரெண்டாவது பாட்டுல இருந்தேன் லாத்தா" என்றாள்.

காரில் ஏறும்போது ரஹ்மத்து அவள் கையைப் பிடித்தாள். ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிச்சுக்க என்றாவது சொல்ல வேண்டும். அதற்குள் பெண் சொல்லிவிட்டாள்: "ஒங்க ஏற்பாட்டுல ஓட்டையே இருக்காது லாத்தா." குத்திச் சொன்னாளா, எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னாளா என்று ரஹ்மத்துவுக்கு இன்றுவரை தெரியாது. எனக்கும் தெரியாது. குத்திச் சொல்லியிருந்தால் தேவலை என்றுதான் தோன்றுகிறது.

திரும்புகிற கப்பலுக்குப் பதினோரு நாள் இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் அந்தோணிமுத்து வேறு டிக்கெட் வாங்கிவந்தான், இரண்டு மட்டும். ரஹ்மத்து வரமாட்டேன் என்றாள், பிறகு போனாள். மூன்றாம் வரிசை. தூண் மறைக்கவில்லை. கிரேசி தாளம் போட்டுக்கொண்டு கேட்டாள். ரஹ்மத்து பாட்டைக் கேட்கவில்லை. பாடுகிறவரின் வாயையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணிக்குப் பிறகு பிடிபட்டது. வரி முடிந்தபின் எடுக்கவில்லை. வரிக்கு நடுவிலேயே, ஒரு எழுத்தை நீட்டி முடிக்குமுன், தலையை லேசாகத் திருப்புகிற சாக்கில் எடுத்துக்கொண்டார். அதை மனதில் பதித்து வைத்துக்கொண்டாள். மறுநாளே பெரியமேட்டுக்குப் போனாள், சொல்லிவிடலாம் என்று.

பெரிய வீடு. சுவர்க்கடிகாரத்தின் சத்தம் எல்லா அறையிலும் கேட்டது. சம்சாத் தட்டில் பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஜன்னத் பீவி உட்கார்ந்து, தீவில் மீன் விலை என்ன, மழை எப்படி என்று அன்பாக விசாரித்துக்கொண்டிருந்தார். எழுந்து போகவில்லை. அந்த வீட்டில் அந்த வார்த்தையை எப்படி எடுப்பது. ரஹ்மத்து பலகாரத்தைத் தின்றுவிட்டு, ஆசியாக ஒரு துஆ கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மின்னி பேயில் குத்தூஸ் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். கப்பல் கடலில் நின்றும் கல்யாணம் குறித்த நாளில் நடந்த கதை. "ரஹ்மத்து ஏற்பாடு!" என்பார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவள் பேர் இன்னும் பெருகியது. அடுத்த கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, எங்களுக்கும் ஒரு கடிதம் அந்தமாதிரி எழுதவை என்றார்கள். தலைவலி என்று சொல்லி அனுப்பினாள். அதற்கடுத்தவர்களுக்கும் தலைவலி. பிறகு யாரும் வரவில்லை. ஜாக்கெட் தைக்க மட்டும் வந்தார்கள். கப்பல் தேதி கேட்டால், "ஜெட்டியில எழுதிப் போட்டிருப்பாஹ்" என்பாள்.

1974-ல் குத்தூஸ் காலமாகி, மவுத்துச் சேதி போய், சம்சாத் வந்தாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா வரை இருந்தாள். இரண்டு பிள்ளைகள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. கணவன் வீட்டில் ஒரு குறையும் இல்லை. மாமி தாயைப்போல் வைத்திருக்கிறார் என்றாள். பொய்யில்லை, முகத்திலேயே தெரிந்தது. ஃபாத்திஹா முடிந்த மறுநாள் மத்தியானம் பழையபடி வந்து மிஷினடியில் உட்கார்ந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பெங்காலி வீட்டு அம்மாள் ஆர்மோனியத்தை எடுத்து வைத்துப் பாட ஆரம்பித்தாள். அதே பாட்டுகள்தான்.

சம்சாத் பேச்சை நிறுத்தாமலே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். கொக்கியைப் போட்டாள். திரும்பிவந்து உட்கார்ந்து, சின்னவளுக்குக் காது குத்தின கதையை விட்ட இடத்திலிருந்து சொன்னாள்.

ரஹ்மத்து மிஷினை நிறுத்தினாள். ஐந்து வருஷமாக வைத்திருந்ததை இப்போதாவது கொடுத்துவிட வேண்டும்போல் இருந்தது.

"புள்ள, நா அன்னிக்கு மெட்ராஸ்ல பாத்தேன். அவஹ மூச்சு எடுக்குறத. வரி முடிஞ்சப்புறம் இல்ல, நடுவுலயே, தலையத் திருப்புற மாதிரித் திருப்பி..."

சம்சாத் அவளை நிமிர்ந்து பார்த்தாள். யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள்.

"எவஹ லாத்தா?" என்றாள்.

ரஹ்மத்து ஊசியில் நூலைச் சரிபார்த்தாள்.

"யாருமில்ல. நீ சொல்லு, காது குத்துனப்ப ரொம்ப அழுதாளா?" என்று கேட்டுவிட்டு மிஷினை ஓட்டினாள்.